வலையை அறுத்த கை

அத்தியாயம் ஏழு

கெளுத்திக்கு மீசை உண்டு. முறுக்கிவிடத்தான் கை இல்லை.
(தந்தியின் குறிப்பேட்டிலிருந்து)

தந்தியைப் பொறுத்தவரை மீனுக்கு இரண்டே இடங்கள்தான். ஒன்று கடல், இன்னொன்று தட்டு. நடுவில் கண்ணாடித் தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு வருகிறவன் போகிறவனை எல்லாம் முறைத்துப் பார்க்கிற மீனோடு அவனுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படிப்பட்டவன் அன்று காலை பதினொரு மணிக்குப் பதினொரு தொட்டிகளுக்கு நடுவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. வெளிச்சம் என்று சொல்ல ஒரே ஒரு சிவப்பு பல்புதான் எரிந்தது.

தந்தி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. காதில் விழுந்த சேதி அரை மணி நேரம்கூட அவன் வயிற்றில் தங்காது என்பதால் சிநேகிதர்கள் வைத்தது. அவனுக்குச் சம்பளம் கொடுக்கிற மேடம் நேர் எதிர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம், இழப்பீடு கேட்டு வருகிறவர்களில் யார் நிஜமாக அழுகிறார்கள், யார் கணக்குப் பார்த்து அழுகிறார்கள் என்று பிரித்துப் பிரித்து, கடைசியில் அதையே சொந்தத் தொழிலாக்கிக்கொண்டவர். ஒரு நாளைக்கு அவர் பேசும் வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மிச்ச வார்த்தைகளைத் தந்தி பேசிவிடுவான்.

"மேடம், இது மீன் ரூமா, போட்டோ கழுவுற ரூமா?"

"கெளுத்திக்கு வெளிச்சம் ஆகாது. அதான் காகிதம். அந்தத் தொட்டியைப் பாரு."

பார்த்தான். காய்ந்த இலை ஒன்று மணலில் கிடந்தது. அதைப் போய் எதற்குப் பார்ப்பது என்று கேட்க வாயைத் திறக்கும்போது இலை கண்ணைச் சிமிட்டாமல் அவனைப் பார்த்தது. அடுத்த தொட்டியில் ஒரு கூட்டம் மீன்களுக்கு உடம்பே கண்ணாடி, முதுகெலும்பை எண்ணலாம். அதற்கடுத்ததில் நான்கு கெளுத்திகள் வயிற்றை மேலே காட்டி மல்லாக்க நீந்திக்கொண்டிருந்தன. செத்துப்போச்சு மேடம் என்று அலறப் பார்த்தவன், அவை சுறுசுறுப்பாகத் திரும்பிப் போவதைக் கண்டு அசடு வழிந்தான்.

சிரிக்கிற சூழ்நிலையும் அது இல்லை. மூன்று நாளுக்கு முன்னால் இதே அறையில், இந்தத் தொட்டிகளை எல்லாம் தன் கையாலேயே வெட்டி ஒட்டிய வயதான கண்ணாடி வேலைக்காரர் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். எட்டடித் தொட்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டின் முனையில் இன்னும் கறை இருந்தது. அவருடைய மகன் அன்று ராத்திரி தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் கொன்றேன் என்று சொல்லிவிட்டான். இன்று மாலை மூன்று மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் அதையே சொல்லப்போகிறான். அங்கே சொன்ன பிறகு அந்த வார்த்தையைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள முடியாது.

இவர்களை அழைத்தவள் மகனின் அக்கா. தையல் கடை வைத்திருப்பவள். நேற்று ஆபீசுக்கு வந்து, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் ஒரே ஒரு வேலையைத்தான் ஒப்படைத்தாள்.

"என் தம்பி போனதுக்கப்புறம் யாரோ அந்த வீட்டுக்கு வந்திருக்காங்க. அது யாருன்னு நீங்க கண்டுபிடிக்கணும்."

எப்படித் தெரியும் என்று மேடம் கேட்டதற்கு, தோணுது என்றாள். அதற்கு மேல் கழுவுற மீனில் நழுவுற மீனாகவே பதில் சொன்னாள். இப்போதும் அவள் அறைக்குள் வரவில்லை. வாசற்படிக்கு வெளியே, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தனக்கு மீன் பற்றி ஒன்றும் தெரியாது, இந்த நாற்றம் ஆகாது, அன்று ஆறு மணிக்கு அப்பாவைப் பார்க்க வந்தபோதுகூட வாசலிலிருந்தே பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட ஓடிவிட்டேன் என்றாள்.

அவள் கழுத்தில் ஒரு நாடா தொங்கியது. தையல்காரர்கள் நூல் வெட்டும் குட்டிக் கத்தரியை மாட்டிக்கொள்ளும் நாடா. நாடா மட்டும் இருந்தது, கத்தரி இல்லை. தந்தி அதை மேடத்தின் காதில் போட்டான். கயிறு இங்கே இருக்கு, மாட்டைக் காணோம் என்றான். மேடம் ம் என்றார். அந்த ம்முக்கு என்ன பொருள் என்று நான்கு வருடமாகத் தந்திக்குப் புரிந்ததில்லை.

காலையில் ஸ்டேஷனில் தம்பியைப் பார்க்கப் பத்து நிமிடம் கிடைத்தது. முப்பது வயதுக்காரன். மூன்று நாளில் நாற்பது வயதுக்காரனாக ஆகியிருந்தான். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னான். போன வாரம் அவனுடைய நான்கு வயது மகளுக்கு ஆபரேஷன். தாத்தா வரவில்லை. ஏன் என்றால் அன்று மேஸ்திரிக்குத் தண்ணீர் மாற்றும் நாள். மேஸ்திரி என்பது எட்டடித் தொட்டியில் இருக்கும் இரண்டடி நீள முள்கெளுத்தி. விலாவில் ரம்பம் மாதிரி முள், முதுகில் ஒரு முள், இரண்டு பக்கமும் துடுப்புக்கு ஒரு முள். மணலை இங்கிருந்து அங்கே தள்ளிக்கொண்டே இருப்பதால் அப்பா வைத்த பெயர்.

"நான் ரெண்டாவது படிக்கிறப்ப அது வீட்டுக்கு வந்துச்சு சார். வந்த வரிசையில அக்கா, நான், அப்புறம் அது. மரியாதையில அதுதான் மூத்த பிள்ளை."

அன்று நான்கு மணிக்கு அவன் வந்து கத்தியிருக்கிறான். அப்பா காது கொடுக்காமல் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இதைச் சாக்கடையில் போட்டால்தான் உங்களுக்கு நாங்கள் கண்ணில் படுவோம் என்று சொல்லி, பெரிய வலையால் மேஸ்திரியை அள்ளித் தூக்கியிருக்கிறான். மீன் உறுமியது. முட்கள் வலையில் சிக்கின. அப்பா வலையைப் பிடிக்க வந்தார்.

"நான் தள்ளினேன். விழுந்துட்டார். கண்ணு மூடியிருந்துச்சு. வலையை மீனோட தரையில வீசிட்டு ஓடிட்டேன்."

மேடம் அவனிடம் ஒரே கேள்விதான் கேட்டார். எந்தக் கையால தள்ளினே என்றார். அவன் வலது கையைப் பார்த்தான். இடது கையைப் பார்த்தான். பிறகு இரண்டையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு அழுதான். இது என்ன கேள்வி, எந்தக் கையாக இருந்தால் என்ன, கொலை கொலைதானே என்று தந்தி திரும்பும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான்.

இப்போது மேடம் எட்டடித் தொட்டியின் முன்னால் குனிந்து நின்றார். அடியில் மணல், அதன்மேல் இரண்டரை அடி நீளத்துக்கு அகலமான பிளாஸ்டிக் குழாய். குழாயின் வாயில் ஆறு மீசைகள் மெதுவாக ஆடின.

"மேஸ்திரி உயிரோட இருக்கு," என்றார்.

தந்திக்கு விஷயம் உறைக்க ஒரு நிமிடம் ஆயிற்று. நான்கு மணிக்குத் தரையில் வீசப்பட்ட மீன் ஆறு மணிக்குக் கருவாடாகத்தான் இருந்திருக்க வேண்டும். தானாக எழுந்து வலையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொட்டிக்குள் ஏறிக்கொள்ள அது என்ன சர்க்கஸ் மீனா? யாரோ எடுத்து விட்டிருக்கிறார்கள். தந்தி குழாய்க்கு நேரே தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தான். மீனின் முதுகு முள்ளில் ஒரு பச்சை நூல் சுற்றிக்கொண்டிருந்தது.

வலையைத் தேடச் சொன்னார் மேடம். தந்தி கொல்லைப்புறக் குப்பைத் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, இதற்காகவா பெற்றார்கள் என்று தன் பெற்றோரை நினைத்துக்கொண்டே கிளறி, பழைய செய்தித்தாளில் சுருட்டியிருந்த பச்சை வலையை எடுத்து வந்தான். போலீஸ்காரர்கள் அதைத் தேடவே இல்லை. குற்றவாளியே நடந்து வந்து நிற்கும்போது யார் குப்பையைக் கிளறுவார்கள்?

வலையில் மூன்று ஓட்டைகள் இருந்தன. ஒன்று நடுவில், இரண்டு பக்கவாட்டில். ஒவ்வொன்றும் ஒரு சட்டைப் பொத்தான் அளவு. சுற்றிலும் நூல் நூலாக, பொறுமையாக வெட்டப்பட்டிருந்தன.

"இந்த முள்ளு அம்பு மாதிரி. உள்ள போகும், திரும்பி வராது," என்றார் மேடம். "தெரியாதவன் இழுப்பான். முள்ளு முறியும், மீனும் சாகும். தெரிஞ்சவன் இழுக்க மாட்டான், வலையை வெட்டுவான். வந்தவங்களுக்கு இந்த மீனைத் தெரியும்."

இதைக் கேட்டதும் தந்திக்கு முகம் மலர்ந்தது. இந்த வீட்டில் மீனைத் தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தானே. கிழவர் சாகவில்லை, மயக்கம் தெளிந்து எழுந்திருக்கிறார், தன் செல்லப்பிள்ளையைத் தானே காப்பாற்றியிருக்கிறார், பிறகுதான் ஏதோ ஆகியிருக்கிறது. தம்பி செத்த அப்பாவை விட்டு ஓடவில்லை. வயிற்றில் சேதி தங்காதவன் வாசலுக்குப் போய் அக்காவிடம் அதை அப்படியே கொட்டினான். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"தந்தி, இங்க வா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஜன்னல் விளிம்பில் போலீஸ்காரர்கள் விட்டுப்போன ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. மேடம் அதைப் பிரித்துக் காட்டினார். பெரியவரின் மூக்குக் கண்ணாடி. சட்டம் வளைந்து, இரண்டு வில்லைகளும் நொறுங்கியிருந்தன. ஸ்டாண்டுக்கு அடியில் கிடந்ததாம். அந்தச் சில்லுகளின் தடிமனைப் பார்த்தாலே தெரிந்தது, அது இல்லாமல் அவருக்குத் தன் கை விரலே தெரிந்திருக்காது. சிவப்பு வெளிச்சத்தில், கண்ணாடி இல்லாமல், நூல் நூலாக மூன்று ஓட்டை வெட்டியவர் அவர் இல்லை.

தந்தியின் முகம் வாடிவிட்டது. அப்படியானால் யார்? மீன் தெரிந்த, கண் நன்றாகத் தெரிந்த, கை நடுங்காத யாரோ ஒருத்தர் பெரியவர் விழுந்து கிடந்த இதே அறையில் உட்கார்ந்து மீனைக் காப்பாற்றியிருக்கிறார். மனிதனை விட்டுவிட்டிருக்கிறார். மணி ஒன்றேகால் ஆகியிருந்தது.

"மூணு மணிக்குள்ள ஸ்டேஷன்ல காட்ட ஏதாவது வேணும்," என்று மேடம் வழக்கத்துக்கு மாறாகச் சத்தமாகச் சொன்னார். "அந்த முள்ளுல இருக்கிற நூலை போட்டோ எடுக்கணும். தந்தி, சுவத்துல இன்னொரு வலை மாட்டியிருக்கு பாரு. அதை எடுத்து மேஸ்திரியைத் தூக்கு."

இப்போதுதானே வலையில் மாட்டும் என்று பாடம் எடுத்தீர்கள் என்று தந்தி கேட்கப் போனான். மேடம் பார்த்த பார்வையில் கேள்வியை விழுங்கிவிட்டு வலையை எடுத்தான். தண்ணீருக்குள் இறக்கி, குழாயின் வாயருகே கொண்டுபோனான். குழாய்க்குள்ளிருந்து உறுமல் கேட்டது. தண்ணீருக்குள் யாரோ மரக்கட்டையைத் தேய்ப்பது போன்ற சத்தம். தந்திக்குக் கை கூசியது.

"வலை வேண்டாம்."

அவள் உள்ளே வந்திருந்தாள். தந்தியின் கையிலிருந்து வலையைப் பிடுங்கித் தூரப் போட்டாள். முதலில் சுவரில் ஹீட்டரின் சுவிட்சை அணைத்தாள். தண்ணீரில் கை வைப்பதற்கு முன்னால் அதை அணைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் அப்போது சொல்லவில்லை. குனிந்துகூடப் பார்க்காமல் மூன்றாவது ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து நீல பிளாஸ்டிக் டப்பை இழுத்துத் தொட்டிக்குள் அமுக்கினாள். இரண்டு கைகளையும் தோள்வரை விட்டு, குழாயின் இரண்டு வாய்களையும் உள்ளங்கையால் மூடி, மீனோடு சேர்த்துக் குழாயை டப்புக்குள் சரித்து, டப்பைத் தரையில் இறக்கினாள். மேஸ்திரி உறுமுவதை நிறுத்திவிட்டது. எல்லாம் சேர்த்து இருபது நொடிகூட ஆகவில்லை.

தண்ணீர் தெளிந்தது. குழாய் கிடந்த இடத்தில், மணலுக்குள் பாதி புதைந்து, ஒரு குட்டிக் கத்தரி தெரிந்தது.

அவள் அதைப் பார்த்தாள். அவள் கை தானாகக் கழுத்து நாடாவுக்குப் போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் தன் கையால் வெளிப்பட்டாள். தந்திக்கு அந்த நேரத்தில் ஒரு ஜோக்கும் வரவில்லை. அவன் தொழில் வாழ்க்கையில் அது முதல் தடவை.

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. டப்பின் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அன்று அவள் வந்தது ஆறு மணிக்கு இல்லை, நான்கேகாலுக்கு. தம்பி போன் செய்து அழுதான், என்ன சொல்கிறான் என்றே புரியவில்லை, கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடி வந்தாள். அப்பா அதற்குள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு துணியை அழுத்திப் பிடித்திருந்தார். ரத்தம் அதிகம் இல்லை. டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்றதற்கு எரிந்து விழுந்தார். அவள் போனை எடுத்தபோது, முதலில் மேஸ்திரியைப் பாரு, அது செத்தால் உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றார்.

"தம்பியைப் பத்தி என்ன சொன்னார்?" என்று மேடம் கேட்டார்.

"அவன் தொடலைன்னார். 'வலையை நான்தான் இழுத்தேன், கை வழுக்கிடுச்சு, அந்த முட்டாள் பயந்து ஓடிட்டான்'னார்."

தந்தி மேடத்தைத் திரும்பிப் பார்த்தான். எந்தக் கையால் என்ற கேள்வி இப்போது அவனுக்கு விளங்கியது. துள்ளுகிற இரண்டடி மீனை வலையோடு தூக்கிப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். தள்ளுவதற்கு மூன்றாவது கைக்கு அவன் எங்கே போவான்? தள்ள நினைத்தான். அப்பா விழுந்ததும், நினைத்ததும் செய்ததும் அவனுக்குள் ஒன்றாகிவிட்டன.

"அவனால தள்ளியிருக்க முடியாதுன்னு எனக்குக் காலையிலேயே தெரியும்," என்றார் மேடம். "ஆனா நான் சொன்னா அது வெறும் கணக்கு. நீங்க சொன்னா சாட்சி. மூணு நாளா ஏன் சொல்லலை?"

அவள் குனிந்து டப்புக்குள் பார்த்தாள். மேஸ்திரியின் மீசை ஆடியது.

"சொன்னா, நீ அப்ப என்ன பண்ணிட்டிருந்தேன்னு தம்பி கேட்பான். நான் என்ன சொல்லுவேன்? அப்பா செத்துட்டிருந்தார், நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மீனுக்கு நூல் வெட்டிட்டிருந்தேன்னா? என் வாயால அது வரல. அதான் உங்ககிட்ட வந்தேன். நீங்களாக் கண்டுபிடிச்சுட்டா நான் சொல்ல வேண்டாம் இல்ல."

சின்ன வயதில் இந்த அறையில் அப்பாவுக்கு எடுபிடி அவள்தான் என்று மெதுவாகச் சொன்னாள். தம்பிக்குப் பொறுமை இல்லை. அவளுக்கு இருந்தது. எதைச் செய்தாலும் அப்பா திட்டிக்கொண்டே இருப்பார். டப்பைப் பிடிக்கத் தெரியலை, குழாயைச் சாய்க்கத் தெரியலை, உனக்கு எதுக்கு ரெண்டு கை. நல்லா இருக்கு என்று ஒரு நாளும் அவர் வாயில் வந்ததில்லை. சரியாகச் செய்தால் திட்டு நின்றுவிடும். அவ்வளவுதான் அவரிடம் கிடைக்கிற பாராட்டு. அதற்காகவே மணிக்கணக்கில் இங்கே கிடந்திருக்கிறாள்.

"அன்னிக்கும் திட்டிக்கிட்டேதான் இருந்தார். இழுக்காதே, இடது பக்கம் வெட்டு, அவசரப்படாதேன்னு. ரெண்டு முள்ளை எடுத்துட்டேன். மூணாவது வெட்டிட்டிருக்கும்போது திட்டு நின்னுச்சு." அவள் கழுத்து நாடாவைப் பிடித்துக்கொண்டாள். "நான் சரியாப் பண்றேன்னு நினைச்சேன்."

மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு, நல்லா நீந்துதுப்பா என்று திரும்பினாள். கையிலிருந்த கத்தரி எப்போது தொட்டிக்குள் விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. அதன்பின் வலையைக் குப்பையில் போட்டதும், ஆறு மணிவரை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும், அரைகுறையாகத்தான் நினைவிருந்தன.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டாள். தந்தி மேடத்தைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தான். இல்லை என்று ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? மேடத்துக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை.

"தெரியாதும்மா," என்றார். "ஆனா உங்க தம்பிக்கு இப்ப என்ன ஆகும்னு தெரியும். நீங்க வரலைன்னா மூணு மணிக்கு அவன் அப்பாவைக் கொன்னவன் ஆயிடுவான். அதையும் இப்படி முதுகைக் காட்டிக்கிட்டே கேட்கப்போறீங்களா?"

மணி இரண்டு ஆகப்போகிறது என்று தந்தி சொன்னான். வண்டியை வாசலுக்குக் கொண்டுவரட்டுமா என்று கேட்டான். அவள் ஒரு நிமிஷம் என்றாள். தொட்டிக்குள் கையை விட்டு மணலிலிருந்து கத்தரியை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். டப்பின் மேல் குனிந்து, மேஸ்திரியின் முதுகு முள்ளில் மூன்று நாளாகச் சுற்றிக் கிடந்த அந்த ஒற்றைப் பச்சை நூலை, முள்ளைத் தொடாமல், இழுக்காமல், இடது பக்கமாக வெட்டி எடுத்தாள். பிறகு குழாயோடு மீனைத் தொட்டியில் இறக்கினாள். ஹீட்டர் சுவிட்சைப் போட்டாள்.

போட்டுவிட்டு, அசையாமல், காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். யாரும் திட்டவில்லை.

அவள் சட்டென்று அன்று அப்பா சாய்ந்திருந்த சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே மேடமும் தந்தியும் நின்றிருந்தார்கள். கத்தரியை நாடாவில் மாட்டிக்கொண்டாள்.

"போலாம்," என்றாள். "தம்பிகிட்ட முதல்ல நான் பேசணும்."